உக்காரு அண்ணா

கிழக்கு தாம்பரத்தில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து கேம்ப் ரோடு பக்கம் நடந்தால் ஒரு சின்ன டிபன் கடை. நாலு மேசை, ஒரு கல்லா, வாசலில் தோசைக்கல். பரிமாறும் பையன் வடக்கிலிருந்து வந்தவன். இருபது வயதுக்குள்தான் இருக்கும். ஒரு நாள் காலை, எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வெள்ளை வேட்டியும் கையில் மஞ்சள் பையுமாக உள்ளே வந்தார். பையன் ஓடிப்போய் மேசையைத் துடைத்தான். வாயெல்லாம் சிரிப்பாக, "வா அண்ணா, உக்காரு. என்னா சாப்பிடுற?" என்றான்.

பெரியவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "யாரைப் பாத்துடா வா போங்கிற?" என்றார். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து, "ஐயா, இந்திக்காரப் பையன், தெரியாம சொல்லிட்டான், மனசுல வச்சுக்காதீங்க" என்று சமாதானம் சொன்னார். பையன் துடைத்த துணியைக் கையில் பிடித்தபடியே நின்றான். என்ன தப்பு நடந்தது என்று அவனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அவன் சொன்னதில் இலக்கணப் பிழை இல்லை. உச்சரிப்பும் பரவாயில்லை. பொருளும் தெளிவு: வரச் சொன்னான், உட்காரச் சொன்னான், என்ன வேண்டும் என்று கேட்டான். பெரியவர் காதில் மட்டும் அது வேறொன்றாக விழுந்தது. அந்த வேறொன்று என்ன என்று தேடுவதற்கு ஒரு தனிப் படிப்பே இருக்கிறது. மொழிசார் மானிடவியல் என்பார்கள். வாக்கியம் எப்படி அமைந்திருக்கிறது என்று மொழியியலார் பார்ப்பார்கள். அதே வாக்கியத்தை யார், யாரிடம், எங்கே வைத்துச் சொல்லலாம், சொன்னால் என்ன ஆகும் என்று இவர்கள் பார்ப்பார்கள். டெல் ஹைம்ஸ் என்ற அமெரிக்கர் 1960-களில் இதைத் தெளிவாகச் சொன்னார். குழந்தை வாக்கியம் அமைக்க மட்டும் கற்றுக்கொள்வதில்லை. எப்போது பேசலாம், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும், தாத்தாவிடம் எப்படி, தம்பியிடம் எப்படி என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. இரண்டாவது தெரியாமல் முதலாவது மட்டும் தெரிந்தவன் பாடு, அந்தப் பையன் பாடுதான்.

இதையெல்லாம் கற்றுக்கொள்ள மேலை நாட்டுப் புத்தகம் எதுவும் வேண்டாம், தாம்பரம் ரயில் நிலையத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும். ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து, வண்டி எண் சொல்லி, எந்த நடைமேடையிலிருந்து புறப்படும் என்கிறது. அதற்கு நேர் கீழே நிற்கிற ஆள் பக்கத்தில் இருப்பவரிடம், "பீச் வண்டி எந்தப் பிளாட்பாரம்ணா?" என்று கேட்கிறார். இரண்டும் தமிழ்தான். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். "ஐயா, கடற்கரை செல்லும் வண்டி எந்த நடைமேடையில் வரும்?" என்று நிஜமாகவே ஒருவர் கேட்டால், எங்கே கேமரா ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடுவோம். ஒலிபெருக்கி "பீச் வண்டி மூணுல வருதுபா" என்றால் நிலையமே சிரிக்கும்.

சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த நிலைமைக்கு ஒரு பெயர் வைத்தார். நாம் அதை இரட்டை வழக்கு என்கிறோம். அவர் விரிவாக எடுத்துக்கொண்ட உதாரணங்கள் அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன், ஹைட்டி நாட்டின் பேச்சு. தமிழ் அந்தப் பட்டியலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தும். ஒரே மொழிக்கு இரண்டு உருவம். மேடைக்கும் செய்தித்தாளுக்கும் ஒன்று; வீட்டுக்கும் சந்தைக்கும் இன்னொன்று. முதலாவது யாருக்கும் தாய்மொழி கிடையாது. பள்ளிக்கூடம் போய்த்தான் வரும். "வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே பள்ளிக்குப் போகிற பிள்ளை அங்கே "வந்தது" என்று எழுதக் கற்கிறது, வீட்டுக்குத் திரும்பி மறுபடி "வந்துச்சு" என்கிறது. யாரும் அதைக் குழப்பம் என்று நினைப்பதில்லை.

பேச்சைக் கொச்சை என்று தள்ளிவிடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. "வந்தான்" என்பதற்கும் "வந்துட்டான்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். இரண்டாவதில் ஒரு எதிர்பார்ப்பு முடிந்த நிம்மதியோ, வரக்கூடாதவன் வந்த எரிச்சலோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை எந்தத் தமிழ்ப் பிள்ளையும் தப்பாகச் சொல்லாது. விதி இல்லாத இடத்தில் தப்பும் சரியும் எப்படி வரும்? சென்னைக்காரரின் "பாத்துகினு" என்பதிலுள்ள 'கினு', 'கொண்டு' என்ற பழைய சொல் தேய்ந்து வந்ததுதான். "துட்டு" டச்சுக்காரர் காசிலிருந்து வந்தது. "குந்து" பழந்தமிழ். இழிவு ஒலியில் இல்லை, அதைப் பேசுகிறவர்கள் மேல் நமக்கிருக்கும் எண்ணத்தில் இருக்கிறது.

கிரேக்க நாட்டில் 1976-இல் அரசே தலையிட்டு, ஏட்டு வழக்கை ஒதுக்கிவைத்து மக்கள் வழக்கை ஆட்சிமொழி ஆக்கியது. நம் பக்கம் அப்படி யாரும் உத்தரவு போடவில்லை. கைபேசி அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் தமிழ் எழுத்தில், "குடியிருப்போர் கவனத்திற்கு: நாளை காலை 10 மணி முதல் குடிநீர் விநியோகம் இருக்காது" என்று போடுவார். கீழே வருகிற பதில்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில்: மோட்டார் மறுபடி ரிப்பேரா, எப்ப சரியாகும், போன வாரம்தானே மாத்துனீங்க. தமிழ் எழுத்தைத் தொட்டால் கை தானாக விறைத்துக்கொண்டு செந்தமிழுக்குப் போகிறது. ஆங்கில எழுத்தில் தட்டினால் வாயில் வருகிற தமிழ் அப்படியே வந்து விழுகிறது. பேச்சுத்தமிழுக்கு எழுத்து கிடைத்தது, அதுவும் அடுத்தவன் எழுத்து.

நிலையத்தை விட்டு வெளியே வந்து வேளச்சேரி போகும் ஷேர் ஆட்டோவில் ஏறுவோம். பெரியவரின் கோபம் புரிய வேண்டுமானால் அங்கேதான் கவனிக்க வேண்டும்.

ஓட்டுநருக்கு அருகில் உட்கார்ந்து, மேடவாக்கம் வரை அவர் பேசியதை மட்டும் ஒரு நாள் கேட்டுக்கொண்டு வந்தேன். "எங்க போகணும்?" "சில்லறை இருக்கா?" "காசு குடுத்தாச்சா?" "இங்கயா இறங்கணும்?" இந்த நாலு கேள்வியில் எதிலாவது 'நீ' இருக்கிறதா, 'நீங்க' இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லை. போகணும், இருக்கா, ஆச்சா என்ற மூன்றுமே ஆளைக் காட்டாத வடிவங்கள். கல்லூரிப் பையனிடமும் கேட்கலாம், கலெக்டரிடமும் கேட்கலாம். தமிழ் வினைமுற்று பெரும்பாலும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்: "குடுத்தியா" என்றால் ஒரு கணக்கு, "குடுத்தீங்களா" என்றால் இன்னொரு கணக்கு. "குடுத்தாச்சா" என்றால் கணக்கே இல்லை. முன்பின் தெரியாத ஊரில் முன்பின் தெரியாதவர்களோடு பிழைப்பு நடத்துகிறவர்கள் இந்தச் சந்துக்குள் புகுந்து தப்பித்துக்கொள்கிறார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

சந்து எப்போதும் கிடைக்காது. ஏவல் வரும்போது மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். நகர்ந்து உட்காரச் சொல்ல ஆளைக் காட்டாத வடிவம் இல்லை. ஓட்டுநர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார். மல்லிகைப்பூக் கூடை வைத்திருந்த அம்மாவிடம், "இன்னும் கொஞ்சம் தள்ளு ஆயா" என்றார். பக்கத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய பெண்ணிடம், "மேடம், கொஞ்சம் தள்ளி உக்காருங்க." கல்லூரிப் பையனிடம், "தல, கால மடக்கு." அரை நொடியில் மூன்று தீர்ப்பு. வயதில் மூத்தவருக்குத்தான் மரியாதை என்றால் பூக்கார அம்மாவுக்கு அல்லவா 'ங்க' போயிருக்க வேண்டும்? போகவில்லை. ஆயா என்ற உறவுச்சொல் அந்தக் குறையை ஓரளவு மூடியது. முழுக்க மூடியதா என்று அந்த அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இருவர் 1960-இல் ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைச் சொற்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது, இதில் ஒன்றல்ல, இரண்டு அளவுகோல் இருக்கிறது என்பது. ஒன்று, யார் மேலே யார் கீழே. மற்றது, யார் நெருக்கம் யார் தூரம். தமிழில் இது இன்னும் அழகாகத் தெரியும். நம்மில் பலர் அம்மாவை 'நீ' என்கிறோம், அப்பாவை 'நீங்க' என்கிறோம். அம்மா மேல் மரியாதை குறைவு என்றா அர்த்தம்? முருகனிடம் போய் "நீங்கதான் காப்பாத்தணும்" என்று யாரும் வேண்டிக்கொள்வதில்லை. ஆக 'நீ' வருவதற்கு இரண்டு வாசல். மேலிருந்து கீழே இறங்குகிற வாசல் ஒன்று, உள்ளே அழைத்து உட்கார வைக்கிற வாசல் ஒன்று. சொல் ஒன்றே என்பதால் எந்த வாசல் வழியாக வந்தது என்று கேட்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'தல' என்ற முன்சொல், குரலின் இழுப்பு, முகத்துச் சிரிப்பு எல்லாம் அதற்கு உதவுகிற துப்பு.

மரியாதைச் சொல்லுக்கு ஒரு வியாதி உண்டு. காசு மாதிரி புழங்கப் புழங்கத் தேயும். 'அவர்' என்பது ஒரு காலத்தில் பலரைக் குறித்த சொல். ஒருவரைப் பலர்போலச் சொன்னால் மரியாதை என்று அது ஒருவருக்குப் போனது. பலரைக் குறிக்கச் சொல் இல்லாமல் போகவே 'அவர்கள்' என்று இன்னொரு விகுதி போட்டார்கள். கொஞ்ச காலத்தில் 'அவர்களும்' ஒருவருக்கே போய்ச் சேர்ந்தது. பேச்சில் 'அவங்க' ஆனது. தொல்காப்பியர் காலத்திலேயே இது தொடங்கியிருக்கிறது. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கத்தால் வந்த உயர்வுச் சொல், இலக்கண நெறி அல்ல என்று அவர் பிரித்துச் சொல்கிறார். இலக்கணம் வேறு, வழக்கு வேறு, ஆனாலும் இரண்டையும் பதிவு செய்ய வேண்டும் என்ற அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும்.

இந்த 'நீ', 'நீங்க' விவகாரத்தைத் தமிழ்நாட்டிலேயே வந்து பார்த்தவர் ஸ்டீபன் லெவின்சன். கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தங்கிச் சேகரித்தவற்றை, மெக்சிகோவின் மாயா இனக் கிராமம் ஒன்றில் பெனலப்பி பிரவுன் சேகரித்தவற்றோடும் ஆங்கிலத்தோடும் சேர்த்து, இருவருமாக 1978-இல் எழுதியது இன்றும் இந்தத் துறையில் எல்லோரும் படிக்கிற ஆய்வு. மனிதருக்கு முகம் என்று ஒன்று உண்டு, அதைக் காப்பாற்றிக்கொள்ளவும் காப்பாற்றித் தரவுமே பேச்சில் பாதி உழைப்பு போகிறது என்பது அதன் சாரம். 'மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசிட்டான்', 'முகம் கொடுத்துப் பேசல' என்று சொல்லிப் பழகிய நமக்கு இதைப் புரியவைக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை.

கிராமத்தில் யார் யாரை எப்படி அழைப்பது என்பதை வயது மட்டும் முடிவு செய்யவில்லை. சாதியும் சேர்ந்து முடிவு செய்தது. எழுபது வயது உழவரைப் பண்ணை வீட்டுச் சிறுவன் 'வா, போ' என்பான். அவர் அந்தச் சிறுவனை 'சின்னய்யா, வாங்க' என்பார். ஊரை விட்டுப் புறநகருக்கு வந்தவர்கள் மூட்டையோடு இதையும் கொண்டு வந்தார்களா என்றால், கொண்டு வந்தவர்களும் உண்டு, இதிலிருந்து தப்பிக்கவே வந்தவர்களும் உண்டு. ஷேர் ஆட்டோவில் யார் எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் 'ஆச்சா'வும் 'அண்ணா'வும் இங்கே இத்தனை புழக்கம். கண்டக்டர் அண்ணா, பால்காரர் அண்ணா, பழைய பேப்பர்காரர் அண்ணா. ரத்த உறவைக் குறித்த சொல், ஊரில் ஆயிரம் படியாக இருந்ததை ஒரே படியாக்கி வைக்கிறது. ஓ.எம்.ஆர். பக்கம் கணினி அலுவலகங்களில் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். மேலாளர் தன்னைவிட இளையவர். 'நீ'யும் ஒத்துவராது, 'நீங்க'வும் வாயில் வராது. சட்டென்று வாக்கியத்தையே ஆங்கிலத்துக்கு மாற்றி 'யூ' என்று சொல்லிக் கரையேறிவிடுகிறார்கள். ஆங்கிலம் பேசுகிறார்கள் என்று குறைசொல்கிற நாம், சிலசமயம் அது வெறும் குடை என்பதையும் பார்க்க வேண்டும்.

பெயரைத் தவிர்ப்பது இதற்கு அண்ணன். கணவன் பெயரைச் சொல்லாத பாட்டிகள் 'ஏங்க'விலேயே அறுபது வருஷம் ஓட்டினார்கள். சேலையூர் அடுக்குமாடியில் இன்று பெயர் சொல்லத் தடை ஏதுமில்லை. இருந்தாலும் என் மனைவியின் கைபேசியைத் திறந்தால் "யாழினி அம்மா 2பி", "கவின் அம்மா டான்ஸ் கிளாஸ்" என்றுதான் வரிசை போகிறது. அந்தப் பெண்களின் சொந்தப் பெயர் அவளுக்கும் தெரியாது. பிள்ளை பெயரால் பெற்றோரை அழைக்கும் இந்தப் பழக்கம் உலகின் பல மூலைகளில் இருப்பதைக் கண்டு, எட்வர்ட் டைலர் 1889-இலேயே அதற்கு ஒரு கலைச்சொல் வைத்தார்.

தமிழ் நம்மைக் கட்டாயப்படுத்துகிற இன்னொன்று 'நாம', 'நாங்க'. குடியிருப்புக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "லிஃப்ட் செலவ நாங்க பாத்துக்கிறோம்" என்றால் வாடகைக்கு இருப்பவர் அதில் இல்லை. "நாம பாத்துக்கலாம்" என்றால் அவர் பையிலும் கை விழப்போகிறது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் இதற்கு ஒரே சொல்தான். ஒரு மொழியில் எதைச் சொல்ல முடியும் என்பதைவிட எதைச் சொல்லாமல் தப்ப முடியாது என்பதில்தான் மொழிகள் வேறுபடுகின்றன என்ற கருத்தை ரோமன் யாகப்சன் வலியுறுத்தினார். மொழி நம் சிந்தனையைச் சிறையில் அடைக்கிறது என்கிற அளவுக்கு நான் போகமாட்டேன். ஆனால் வாயைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் 'இவர் என் ஆளா, இல்லையா' என்று முடிவெடுக்கச் சொல்கிற மொழி நம்முடையது.

காலை ஆறரைக்கு நிலையத்துக்குப் போகிறவரிடம் எதிர்வீட்டுக்காரர், "என்ன, ஆபீஸா?" என்கிறார். தோளில் பை, கையில் சாப்பாட்டு டப்பா. வேறெங்கே போவார்? "ஆமாங்க" என்கிறார் இவர். இரண்டு பேருக்கும் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. பசிபிக் பெருங்கடலின் டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மாலினோவ்ஸ்கி, 1923-இல் வெளியான கட்டுரை ஒன்றில் இப்படிப்பட்ட பேச்சைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். செய்தி சொல்ல அல்ல, உறவு அறுந்துபோகாமல் இருக்க ஒரு முடிச்சு. "சாப்டாச்சா?" என்ற கேள்வி சோற்றைப் பற்றியது அல்ல என்று நமக்குத் தெரியும். "இன்னும் இல்ல" என்று சொல்லிப் பாருங்கள், கேட்டவர் திகைத்துவிடுவார். இதிலும் விதி இருக்கிறது: கிளம்புகிறவரிடம் "எங்க போறீங்க" என்று கேட்கக்கூடாது, "தூரமா?" என்று கேட்கலாம். போகும்போது "வரேன்" என்று சொல்ல வேண்டும். சாவு வீட்டில் அதைச் சொல்லக்கூடாது, சொல்லிக்கொள்ளாமலேதான் எழுந்து வர வேண்டும்.

இதையெல்லாம் மேலைநாட்டார் வந்துதான் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. 13-ஆம் நூற்றாண்டு நன்னூலில் தகுதி வழக்கு என்று ஒரு வகை வருகிறது. அதற்குள் மூன்று. சபையில் சொல்லக்கூடாததை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். அமங்கலத்தை மங்கலமாக்கிச் சொல்வது மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி வைத்துக்கொள்வது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்பது பள்ளிக்கூட உதாரணம். மூன்றும் இன்று மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஒரு நாள் பல்லாவரத்தில் ஏறிய இளைஞன் போனில், "இன்னைக்கு ஆறு டிக்கெட் முடிச்சேன், இன்னும் நாலு டிக்கெட் கையில இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மென்பொருளில் வருகிற புகார் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் தொழிலில் டிக்கெட் என்று பெயர். எதிரே இருந்த முதியவர் குரோம்பேட்டை வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, பொங்கலுக்குத் தஞ்சாவூர் கிடைக்குமா?" என்று கேட்டார்.

குரோம்பேட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. குரோம் தோல் தொழிற்சாலை இருந்ததால் அந்தப் பெயர். அடுத்த நிலையம் சானடோரியம், 1928-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். இன்று "சானடோரியத்துல வீடு பாத்துட்டோம்" என்று மகிழ்ச்சியோடு சொல்கிறவர் நாக்கில் நோயின் நிழல்கூட இல்லை. சொல்லுக்கும் பொருளுக்கும் இருக்கிற கட்டு அவ்வளவுதான். பழக்கத்தால் கட்டியது, பழக்கத்தால் அவிழ்கிறது.

விடியற்காலையில் நெல்லை, பாண்டியன், முத்துநகர், பொதிகை என்று தெற்கு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாம்பரத்தில் நிற்கும். இறங்குகிற கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலே யார் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். "வந்தாங்க" என்ற ஒரு சொல் போதும். மதுரைக்காரர் "வந்தாய்ங்க" என்பார். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் "வந்தாக". திருநெல்வேலியில் "வந்தாவ". மூன்றும் சொல்வது ஒரே செய்தி. கூடவே பேசுகிறவர் ஊரையும் சொல்லிவிடுகிறது. புகையைப் பார்த்து நெருப்பை அறிவதுபோல, இங்கே ஒலியைக் கேட்டு ஆளை அறிகிறோம். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது, 1937-இல் கிறித்தவக் கல்லூரி நகரத்து நெரிசலை விட்டு இங்கே குடிவந்தது, 1984-இல் ஏற்றுமதி வளாகமான மெப்ஸ் வந்தது. ஒவ்வொன்றும் ஒரு கூட்டத்தை அழைத்து வந்தது, கூட்டம் தன் வாயையும் கொண்டு வந்தது.

நானும் அப்படி வந்தவன்தான். மதுரைப் பக்கம். வந்த இரண்டே வருஷத்தில் "வந்தாய்ங்க" என் வாயிலிருந்து காணாமல் போனது. அலுவலகத்தில் ஒருவர் ஒரு தடவை அதைத் திரும்பச் சொல்லிச் சிரித்தார், அவ்வளவுதான். எதிராளி பேச்சுக்கு ஏற்ப நம் பேச்சு நகர்வதை ஹோவர்ட் ஜைல்ஸ் என்பவர் 1970-களில் ஆராயத் தொடங்கினார். நெருங்க விரும்பினால் நகர்வோம், விலக விரும்பினால் நம்முடையதை இன்னும் அழுத்திப் பேசுவோம். அம்மாவோடு போனில் பேசும்போது மட்டும் முதல் நிமிஷம் முடிவதற்குள் பழைய வாய் திரும்பிவிடுகிறது. பக்கத்து அறையிலிருந்து மகள் எட்டிப் பார்ப்பாள்: "அப்பா, பாட்டிகிட்ட பேசுறியா?"

ஆனால் ஊரைக் காட்டுவதோடு பேச்சு நின்றுவிடுவதில்லை. வில்லியம் பிரைட், ஏ.கே. ராமானுஜன் இருவரும் 1960-களில் தமிழ்ப் பேச்சில் பிராமணர் வழக்கும் மற்றவர் வழக்கும் எப்படிப் பிரிகின்றன, எது எங்கே மாறுகிறது என்று ஒப்பிட்டார்கள். ஒருவர் "ஆத்துல" என்றால் போதும், வேறு கேள்வி வேண்டாம். புறநகரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். போனில் நாம் நாலு வாக்கியம் பேசும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க எந்தப் பக்கம்?" என்பார் வீட்டுக்காரர். பக்கம் என்றால் திசை அல்ல. பிறகு, "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்பார். அதுவும் சமையல் அல்ல. எனக்கு ஒரு வீடு அந்த இரண்டாவது கேள்வியில் போனது.

சொல்லே இல்லாமல் நடப்பதும் நிறைய. கண்டக்டர் விசில் ஒரு தடவை என்றால் நிறுத்து, இரண்டு தடவை என்றால் போகலாம். இரண்டாவதை எத்தனை வேகமாக ஊதுகிறார் என்பதில் அவர் கோபமும் இருக்கும். எட்வர்ட் ஹால் 1966-இல் மனிதர் விட்டுக்கொள்ளும் இடைவெளியை அளந்து, 45 சென்டிமீட்டருக்கு உள்ளே வந்தால் அது அந்தரங்கம் என்றார். காலை எட்டரை மணி வண்டியில் அந்தக் கணக்கு செல்லாது. உடம்பு ஒட்டி நிற்கும்போது கண்ணாவது விலகட்டும் என்று எல்லோரும் கைபேசிக்குள் போய்விடுகிறார்கள்.

மறுபடி டிபன் கடைக்கு வருவோம். அதற்கு முன் லண்டன் ஹீத்ரோ விமான நிலைய ஊழியர் உணவகத்தை எட்டிப் பார்த்துவிடலாம். அங்கே பரிமாற இந்திய, பாகிஸ்தானியப் பெண்களைப் புதிதாகச் சேர்த்தார்கள். முறைக்கிறார்கள், மரியாதை இல்லை என்று புகார் வந்தது. ஜான் கம்பர்ஸ் என்ற மானிடவியலாளர் அவர்கள் பேச்சைப் பதிவு செய்து கேட்டார். விஷயம் ஒரே ஒரு சொல்: குழம்பு வேண்டுமா என்று கேட்க ஆங்கிலேயர் 'கிரேவி?' என்று குரலை உயர்த்தி முடிப்பார்கள். இந்தப் பெண்கள் தங்கள் மொழி வழக்கப்படி குரலைத் தாழ்த்தி 'கிரேவி' என்று முடித்தார்கள். கேட்டவர்களுக்கு அது 'இதுதான் இருக்கு, வேணும்னா எடு' என்பதுபோலத் தொனித்தது. பதிவைப் போட்டுக் காட்டியபோதுதான் இரண்டு தரப்புக்கும் விளங்கியது.

நம் பையன் விஷயம் இன்னும் ஒரு படி ஆழம். அவன் மொழியில் மரியாதை இல்லாமல் இல்லை. இந்தியில் 'ஆப்', 'தும்', 'தூ' என்று மூன்று படி. நமக்கு 'நீ'யும் 'நீங்க'வும் என்று இரண்டுதான். பெரியவரை அவன் ஊரில் பார்த்திருந்தால் 'ஆப்' போட்டுத்தான் அழைத்திருப்பான். அப்படியானால் தமிழில் மட்டும் எப்படித் தவறியது? அவனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது யார் என்று பார்த்தால் தெரியும். மாஸ்டர்: "ஏய், இங்க வா." முதலாளி: "டேபிள தொட. சீக்கிரம் போ." சாப்பிட வருகிறவர்கள்: "தம்பி, தண்ணி குடு." காலை ஐந்து மணியிலிருந்து இரவு பதினோரு மணி வரை அவன் காதில் விழுந்த ஏவல் எல்லாம் 'வா', 'போ', 'குடு', 'உக்காரு'. 'வாங்க' அவனைச் சுற்றிப் பறந்திருக்கும், அவன் மேல் ஒரு தடவையும் விழுந்திருக்காது. தனக்குக் கிடைத்த தமிழில் நல்லதாகப் பொறுக்கி, ஒரு அண்ணாவும் ஒரு சிரிப்பும் சேர்த்து, பெரியவருக்குப் பரிமாறினான்.

அன்று நான் முதலாளியிடம் இதைச் சொன்னேன். "அதுக்குன்னு அவன வாங்க போங்கன்னா கூப்பிட முடியும்?" என்றார். பிறகு அவராகவே, "சரி, 'ங்க' போடணும்னு சொல்லி வைக்கிறேன்" என்றார்.

போன வாரம் போயிருந்தேன். பையன் 'ங்க'வைப் பிடித்துக்கொண்டுவிட்டான், கொஞ்சம் அதிகமாகவே. "வாங்க அண்ணா, உக்காருங்க." வாசலில் முதலாளியின் பேரன், நாலு வயது, படியில் உட்கார்ந்து வழியை மறித்துக்கொண்டிருந்தான். கையில் சாம்பார் வாளியோடு பையன் குனிந்து, "தம்பி, கொஞ்சம் எந்திரிங்க" என்றான். குழந்தை யாரைச் சொல்கிறான் என்று பின்னால் திரும்பிப் பார்த்தது. உள்ளேயிருந்து மாஸ்டர் கத்தினார்: "டேய், சாம்பார் எங்கடா?"